நான்கு நாள் விடுமுறை: கொழும்பிலிருந்து வடக்கா, கிழக்கா, மலையகமா, தெற்கா?

போயா (பௌர்ணமி) தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்து வாரயிறுதியோடு சேர்ந்துகொள்ளும்போதும், கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த உறவினர் திரும்பிப் போகுமுன் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லும்போதும், கொழும்புத் தமிழ் வீடுகளில் எழும் விவாதம் பெரும்பாலும் ஒரே விதமாகவே இருக்கிறது. ஒருவர் நல்லூர் என்பார். இன்னொருவர் நுவரெலியாவின் குளிரைச் சொல்வார். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். வீட்டின் மூத்தவர் கதிர்காமத்துக்கு வைத்த நேர்த்தி இன்னும் நிறைவேறவில்லை என்பதை நினைவூட்டுவார். யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கோத்துவிடுவதால், நான்கு நாளில் மூன்று மாகாணங்களைத் தொட்டு வரும் திட்டமொன்று உருவாகி, விடுமுறையின் பாதி வாடகை வானுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது.

எந்தப் பகுதியைத் தெரிவது என்று எங்களிடம் கேட்டு எழுதும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு. ஆறேழு பேர் கொண்ட குடும்பம், மூன்று இரவுகள், நான்கு பகல்கள், புறப்பாடு கொழும்பு என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: முதலில் மாதத்தைப் பாருங்கள், அடுத்ததாக, வருபவர்களில் உடலால் மிக விரைவில் களைப்பவர் யார் என்பதைப் பாருங்கள், விருப்பத்தை மூன்றாவதாக வையுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவதனாலேயே, நல்ல இடத்துக்குப் போயும் நல்ல பயணம் வாய்க்காமல் போகிறது.

எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் காலநிலை. இலங்கை சிறிய தீவு என்றாலும் இரண்டு பருவக்காற்றுகள் அதை வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு பக்கமாக நனைக்கின்றன. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையும் தென்கரையும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளும் மழை பெறும். அதே மாதங்களில் வடக்கும் கிழக்கும் வறண்டிருக்கும், கிழக்குக் கடலும் அமைதியாக இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை மறுபுறமாகத் திரும்பி, கிழக்குக் கடல் கொந்தளிக்க, தென்கரை வெயிலும் தெளிந்த நீருமாக இருக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தீவு முழுவதும் பிற்பகல் இடிமழை வரலாம்; வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் அதுவே. பாடசாலை விடுமுறைகள் ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருவதால், குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிவிடுகிறது.

இரண்டாவது, வீதியில் கழியும் நேரம். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. நுவரெலியா காலியைவிட ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் மட்டுமே கூடுதல் தூரத்தில் இருந்தாலும், போய்ச் சேர இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் எடுக்கும். மூன்று இரவுப் பயணத்தில் போக்கும் வரவும் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், அந்தத் தெரிவுக்கு வலுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, உடன் வருபவர்களின் உடல்நிலை. முழங்கால் வலி உள்ளவருக்குச் சிகிரியாவின் ஏறத்தாழ 1,200 படிகளும், வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு றம்பொடை ஏற்றமும், மூச்சுத்திணறல் உள்ளவருக்கு ஹோட்டன் சமவெளியின் உயரமும் வெவ்வேறு விதத்தில் பாரமாகும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. வான் வாடகைக்குச் சொல்லப்படும் தொகையில் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். அதைத் தாண்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு. சாரதியின் பாட்டாவும் (நாட்படி) அவர் தங்கும் அறையும் அதற்குப் புறம்பானவை. இவற்றைவிடப் பெரியது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. தொல்லியல் தலங்களிலும் தேசிய பூங்காக்களிலும் உள்ளூர்வாசிகளுக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு உயர்ந்த இன்னொரு கட்டணமும் அறவிடப்படுகின்றன. ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா எவ்வளவு செந்தமிழ் பேசினாலும், நுழைவாயிலில் தேசிய அடையாள அட்டையைக் காட்ட முடியாவிட்டால் டொலர்க் கணக்கில்தான் கட்ட வேண்டும். ஆறு பேரில் நால்வர் அப்படி என்றால், பயணத்தின் மொத்தச் செலவையே அது மாற்றிவிடும்.

மொழியையும் உணவையும் சிலர் பெரிய அளவுகோலாகக் கொள்கிறார்கள். கொழும்பில் வாழ்பவருக்குச் சிங்களம் ஓரளவு கைவசம் இருப்பதால் நாங்கள் அதற்கு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. சுத்த சைவம் உண்பவர்களுக்கு மட்டும் தெற்கும் வடமத்தியும் சற்றுச் சிரமம் தரும் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

| பகுதி | வானில் ஒருவழி நேரம் (ஏறத்தாழ) | ஏற்ற மாதங்கள் | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|
| யாழ்ப்பாணம் | 7–9 மணி | ஜனவரி பிற்பகுதி–மார்ச். நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்ட் | உள்ளூர் வாகனம், உறவினர் வீடுகளுக்குப் போகும் நேரம் |
| திருகோணமலை | 6–7 மணி | மே–செப்டெம்பர் | படகு, ஓகஸ்ட் அறை வாடகை |
| மட்டக்களப்பு, பாசிக்குடா | 7–8 மணி | ஏப்ரல்–செப்டெம்பர் | கடற்கரை விடுதியின் உணவு |
| நுவரெலியா, ஹப்புத்தளை | 5–7 மணி | ஜனவரி–மார்ச் | ஏப்ரல் வாடகை, வெறும் வானுக்கான கூலி |
| காலி, மாத்தறை | 2–3 மணி | டிசெம்பர்–மார்ச் | உல்லாசப் பயணிகளுக்கான விலைகள் |
| கதிர்காமம் | 4–5 மணி | ஆண்டின் பெரும்பகுதி | யால ஜீப் |
| சிகிரியா, பொலன்னறுவை | 4–5 மணி | பெப்ரவரி–செப்டெம்பர், அதிகாலையில் | டொலர் நுழைவுக் கட்டணம் |

வடக்கு: யாழ்ப்பாணமும் தீவுகளும்

நேரக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தால் யாழ்ப்பாணம் முதலிலேயே விழுந்துவிடும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வானில் போனால் முதல் நாளும் கடைசி நாளும் வீதிக்கே போய்விடும், கையில் மிஞ்சுவது இரண்டு பகல்கள். ஆனால் கொழும்புத் தமிழர் நீண்ட காலமாக அறிந்த ஒரு வழி இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. மாலையில் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஏறினால் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும் இரவுப் பேருந்துகள், போக்கிலும் வரவிலும் ஒவ்வோர் இரவு அறை வாடகையை மிச்சப்படுத்துவதோடு, நான்கு பகல்களையும் ஏறக்குறைய முழுமையாகவே விட்டுத்தருகின்றன. பேருந்தில் தூங்க முடியாதவர்களுக்கும், அடிக்கடி எழுந்து நடக்கவும் கழிப்பறை செல்லவும் வேண்டிய முதியவர்களுக்கும் புகையிரதமே ஏற்றது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் போரால் நின்று, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்த தலைமுறைக்கு அந்தப் பயணமே ஒரு நிகழ்ச்சியாக இருக்கும்.

போய் இறங்கியபின் வரும் சிக்கல் தீவுகள் பற்றியது. நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டுக்குமான படகுகள் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தே புறப்படுவது அந்த எண்ணத்தைத் தூண்டுகிறது. பட்டணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகத் தாம்போதிகளைக் கடந்து குறிகட்டுவானை அடைவதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து நயினாதீவு மிக அருகில் இருக்கிறது. நாகபூசணி அம்மனையும் நாகதீப விகாரையையும் தரிசித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம். நெடுந்தீவுக்கோ கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணிக்க வேண்டும். கட்டாக்காலிக் குதிரைகளையும் பாவோபாப் எனப்படும் பெருக்க மரத்தையும் பழைய கோட்டையின் இடிபாடுகளையும் பார்க்கத் தீவுக்குள் ஒரு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். திரும்பும் படகின் நேரத்தை முன்கூட்டியே உறுதிப்படுத்தவும் வேண்டும். ஆகவே நயினாதீவு அரை நாள், நெடுந்தீவு முழு நாள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் வந்தால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

யாழ்ப்பாணப் பயணத்தின் பெரிய மறைசெலவு பணம் சார்ந்ததாக இருப்பதில்லை. கொழும்புத் தமிழர் அங்கே ஒருபோதும் வெறும் உல்லாசப் பயணியாகப் போய்விட முடியாது. பெரியம்மா வீடு ஒன்று, அப்பாவின் பள்ளித் தோழர் வீடு ஒன்று என்று தொடங்குவது, "அங்க போய் எங்கட வீட்டுப் படி மிதிக்காமல் போட்டியளே" என்ற மனத்தாங்கலுக்கு அஞ்சி ஆறேழு வீடுகளாக வளர்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் தேநீரும் பலகாரமும் மறுக்க முடியாமல், கீரிமலையும் பருத்தித்துறையும் பார்க்காமலேயே திரும்ப வேண்டியதாகும். வருகையை முன்கூட்டியே சொல்லி, ஒரு வீட்டில் மதிய உணவுக்கு எல்லோரையும் வரவழைத்துச் சந்திப்பது, நாங்கள் கண்டவரையில் யாரையும் புண்படுத்தாத ஏற்பாடு. அந்தச் சந்திப்புதான் பயணத்தின் நோக்கம் என்றால், இதைச் செலவாகக் கொள்ள வேண்டியதே இல்லை.

மாதத்தைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முந்திய ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையான காலம் இதமானது; தைப்பொங்கலன்று போனால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியையும் காணலாம். ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் கடுமையாக இருந்தாலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும் என்ற ஆறுதல் உண்டு. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாட்கள், பெரும்பாலும் ஓகஸ்டை ஒட்டி நடைபெறும். தேர், தீர்த்தம் ஆகிய கடைசி நாட்களைத் தெரிந்தால் பட்டணத்தில் அறை கிடைப்பது அரிது. கொடியேற்றத்தை ஒட்டிய நாட்களில் போனால் பூசையையும் நிதானமாகக் காணலாம், அறையும் கிடைக்கும்.

கடலில் நீந்தி விளையாட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு வரும் பிள்ளைகளுக்கும், நான்கு நாளும் ஓய்வெடுக்க விரும்பும் தம்பதிகளுக்கும் யாழ்ப்பாணத்தைப் பரிந்துரைக்க மாட்டோம். காரைநகர்க் கசூரினா கடற்கரை ஆழமற்றது, பாதுகாப்பானது. எனினும் அதற்காக மட்டும் 400 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளை முதன்முறையாகப் பூட்டனின் ஊரைப் பார்க்க வந்திருந்தால், மற்ற அளவுகோல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு இங்கேயே போங்கள்.

கிழக்கு: திருகோணமலையா, மட்டக்களப்பா

மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், குறிப்பாக ஓகஸ்ட் விடுமுறையில், எங்கள் முதல் தெரிவு திருகோணமலை. ஒரே ஊரில் பாடல் பெற்ற சிவத்தலமும், நீந்தத் தகுந்த கடலும், பவளப்பாறையும், வெந்நீர் ஊற்றும் அமைந்திருப்பதால், பக்தியும் விளையாட்டும் வேண்டும் குடும்பத்தில் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை ஏற்படுவதில்லை. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். அந்தக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதை வழியாகவே இன்றைய கோயிலுக்கு ஏற வேண்டும். மாலைப் பூசைக்குப் போனால் வெயிலும் தணிந்திருக்கும், சுவாமி மலையின் செங்குத்தான ஓரத்தில் நின்று கடலையும் பார்க்கலாம்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கரையிலிருந்தே பவளப்பாறையையும் சிறிய சுறாக்களையும் காண முடிவதால் அதற்குக் கூட்டம் அதிகம். அங்கே செலவு மூன்று அடுக்காக வரும்: நுழைவுச்சீட்டு, படகு, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும். படகுக் கூலி தலைக்கு என்றில்லாமல் படகுக்கு என்று பேசப்படுவதால், ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சுமையாகாது. இருவர் மட்டும் போனால் இன்னொரு குழுவோடு சேர்ந்துகொள்வது நல்லது. காலை எட்டு மணிக்கு முன்னர் போய்விட்டால் நீர் தெளிவாக இருக்கும். பவளத்தின் மேல் ஏறி நிற்பவர்களால் அந்தப் பாறைகளின் பெரும்பகுதி ஏற்கெனவே சிதைந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறுமுன்னரே சொல்லிவையுங்கள்.

வானில் போகிறவர்கள் புறப்படும் நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஹபரணையிலிருந்து திருகோணமலை போகும் வீதியில் பொழுது சாயும் வேளையில் யானைகள் கடக்கும். வேலை முடிந்து மாலையில் புறப்பட்டு நள்ளிரவில் போய்ச் சேரலாம் என்ற கணக்கு இந்தப் பாதைக்குப் பொருந்தாது. விடிகாலை ஐந்து மணிக்குக் கொழும்பை விட்டால் மதிய உணவுக்கு அங்கே இருக்கலாம்.

மட்டக்களப்பு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் தூரம். அங்கே போவதற்கான முதன்மைக் காரணம் பாசிக்குடா. கரையிலிருந்து நெடுந்தூரம் வரை இடுப்பளவு நீரே இருப்பதால், நீந்தத் தெரியாத பிள்ளைகளையும் கடலுக்கு அஞ்சும் பாட்டிமாரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடக்கூடிய கடற்கரை இலங்கையில் இதைப்போல் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. குறை என்னவென்றால், அங்கே விடுதிகள் ஊரை விட்டு ஒதுங்கியே இருக்கின்றன. மூன்று வேளையும் விடுதியிலேயே சாப்பிட நேர்ந்தால் அறை வாடகைக்கு நிகராக உணவுக்கும் கட்ட வேண்டிவரும். மட்டக்களப்பு நகரம் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். நகரத்தில் தங்கி ஒரு நாள் மட்டும் பாசிக்குடாவுக்குப் போய்வருவது செலவைக் குறைப்பதோடு, கல்லடிப் பாலத்தின் மாலை நேரத்தையும், மாமாங்கேஸ்வரர் தரிசனத்தையும், எருமைத் தயிரையும் தரும்.

டிசெம்பர் விடுமுறையில் கிழக்கைத் தெரியாதீர்கள். கோயில் திறந்திருக்கும், ஆனால் கடலில் இறங்க முடியாது, புறாத்தீவுக்குப் படகும் ஓடாது. அறை வாடகை அந்த மாதத்தில் பாதியாகக் குறைந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

மலையகம்: நுவரெலியாவும் அதற்கு அப்பாலும்

கொழும்பின் புழுக்கத்திலிருந்து தப்ப வேண்டும் என்பதே நோக்கமானால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஈடு இல்லை. ஆனால் மக்கள் போக விரும்பும் மாதமும் போகத் தகுந்த மாதமும் இங்கே ஒன்றாக இருப்பதில்லை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்தகாலக் கொண்டாட்டத்தில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடைபெறுவதால், அறை வாடகை பல மடங்காக ஏறி, கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் நகராமல் நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், இரவில் குளிர் பத்துப் பாகைக்குக் கீழேயும் இறங்கும். மலிவான அறையை முன்பதிவு செய்யும்போது சுடுநீர் உண்டா, போதிய போர்வை தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புகையிரதத்தில் போக வேண்டும் என்ற ஆசை அனேகமாக எல்லோருக்கும் உண்டு. முன்பதிவு இருக்கைகள் திறந்தவுடனேயே முடிந்துவிடுகின்றன என்பது ஒரு தடை. இன்னொன்று, கொழும்பிலிருந்து வானை அமர்த்திக்கொண்டு பாதிவழியில் புகையிரதம் ஏறினால், அந்த நேரத்தில் வெறும் வான் வீதியால் வந்து சேர்வதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை முழுவதும் போவது ஏறக்குறைய ஒரு பகலை விழுங்கிவிடும். நானுஓயாவுக்கும் பண்டாரவளைக்கும் இடையிலான பகுதியை மட்டும் தெரிந்தால் அழகின் பெரும்பகுதி கிடைத்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயலின் மண்சரிவுகள் மலையக வீதிகளையும் இந்தப் புகையிரதப் பாதையையும் கடுமையாகச் சேதப்படுத்தியதால், எந்த நிலையம் வரை சேவை நடைபெறுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்த பிறகே திட்டத்தை உறுதிசெய்ய வேண்டும். கடும் மழை பெய்யும் நாட்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால், முற்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

ஹோட்டன் சமவெளிக்குப் போவதானால் இருட்டோடு எழும்ப வேண்டும். உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறையிலிருந்து கீழே பார்க்கும் காட்சியைக் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முகில் மூடிவிடும். அங்குள்ள சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நடை என்பதால் முதியவர்களை நுவரெலியாவிலேயே விட்டுச் செல்லுங்கள். அவர்கள் சீதா எலியவில் சீதை அம்மனைத் தரிசித்து, ஹக்கல பூங்காவில் காலையைக் கழிக்கலாம்.

எல்லவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வளைவுப் பாலம் உண்மையிலேயே அழகானது. ஆனால் அந்தச் சிறிய ஊர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி உணவகங்களும் விடுதிகளும் நெருங்கிவிட்டன. அதே மலைத்தொடரில், தென்சமவெளியை நோக்கிய விளிம்பில் இருக்கும் ஹப்புத்தளையில் தங்கி, தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலேயுள்ள லிப்டன் இருக்கையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, எல்லவுக்கு அரை நாள் மட்டும் போய்வருவதை நாங்கள் விரும்புவோம். வழிநெடுகத் தேயிலை கொய்யும் பெண்கள் பேசுவது தமிழ் என்பதால், வெளிநாட்டுப் பயணிக்கு வாய்க்காத ஓர் உரையாடல் நமக்கு வாய்க்கும். மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். ஒரு வார்த்தை பேசாமல், கேட்காமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்வது நமக்கு அழகல்ல.

தெற்கு: காலி முதல் கதிர்காமம் வரை

இரண்டு இரவுகள் மட்டுமே கையில் இருந்தால் மற்றவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2011 இல் காலி வரையும், 2014 இல் மாத்தறை வரையும், 2020 இல் அம்பாந்தோட்டை வரையும் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, இந்தப் பகுதியைக் கொழும்பின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. காலையுணவை வீட்டில் உண்டுவிட்டுப் புறப்பட்டு, பத்து மணிக்குக் காலிக் கோட்டையின் மதிலில் நடக்கலாம். அவசரமில்லாதவர்கள் கரையோரப் புகையிரதத்தில் போகலாம். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும்போது வலப்பக்கம் அமர்ந்தால் வழியெல்லாம் கடல்.

1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த அந்தக் கோட்டைக்குள் நுழைய யாருக்கும் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் உணவகங்கள் அந்தச் சலுகையை ஈடுகட்டிவிடுகின்றன; மதிய உணவைக் காலி நகரத்தில் முடித்துக்கொண்டு போவதே சிக்கனம். சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட, சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளிலான கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது இந்த ஊரிலேதான். தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தெய்வமான தெனாவரை நாயனாருக்குச் செய்த காணிக்கைகளைக் கூறுகிறது. அதைக் காலியில் தேட வேண்டாம். கொழும்புத் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. புறப்படுவதற்கு முதல்நாள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், காலிப் பயணத்துக்கு ஒரு பொருள் சேரும்.

டிசெம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுனவிலும் மிரிஸ்ஸவிலும் கடல் தெளிவாக இருக்கும். மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கிலம் பார்க்கும் படகுகள் புறப்படும் காலமும் அதுதான். வெளிநாட்டுப் பயணிகளின் உச்சகாலமும் அதே மாதங்கள் என்பதால் வாடகை கூடுதலாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வாடகை இறங்கிவிடும், கடலும் சீறும். அப்போது போவதானால் நீச்சலை மறந்து, கோட்டையோடும் கோயிலோடும் திருப்தியடைய வேண்டும்.

கோயில் என்றது கதிர்காமத்தை. நெடுஞ்சாலையில் அம்பாந்தோட்டை வரை போய் அங்கிருந்து கதிர்காமப் பக்கம் திரும்பினால் நான்கைந்து மணி நேரத்தில் மாணிக்க கங்கைக் கரையை அடைந்துவிடலாம். மாலைப் பூசைக்குப் போய், இரவு திஸ்ஸமகாராமவில் தங்கி, மறுநாள் செல்லக் கதிர்காமத்தைத் தரிசித்துத் திரும்புவது முதியவர்களுக்கு ஏற்ற மிதமான திட்டம். ஆடிவேல் விழாக் காலத்திலும் போயா நாட்களிலும் கூட்டம் மிகுந்திருக்கும். அருகிலுள்ள யாலவைச் சேர்க்க விரும்புவோர் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்: ஜீப் வாடகை நுழைவுச்சீட்டுக்கு மேலாக வருவது, வறட்சியைக் காரணங்காட்டிப் பூங்காவின் முக்கிய பகுதியைச் செப்டெம்பரை ஒட்டிச் சில வாரங்கள் மூடிவைப்பது வழக்கம்.

சிகிரியாவும் பழைய தலைநகரங்களும்

இலங்கையை ஒருமுறையும் பார்த்திராத வெளிநாட்டு விருந்தினருக்கு இது முதல் தெரிவாகலாம். கொழும்பில் வளர்ந்து, பாடசாலைச் சுற்றுலாவில் ஏற்கெனவே ஏறி இறங்கியவர்களுக்கு அவ்வளவு ஈர்ப்பு இருக்காது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கான செலவு மிக அதிகமாக உறைப்பதும் இங்கேதான்: சிகிரியா, பொலன்னறுவை, அநுராதபுரம் என ஒவ்வோரிடத்திலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். விருந்தினர் பலராக இருந்தால் சிகிரியாவை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுள் ஒன்றைத் தெரியுங்கள். எங்கள் தெரிவு பொலன்னறுவை. 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சிக் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட வானவன் மாதேவி ஈச்சரம் அங்கே இன்றும் முழுமையாக நிற்கிறது. ஓகஸ்டை ஒட்டிய மாதங்களில் மின்னேரியாக் குளக்கரையில் யானைகள் கூட்டமாகத் திரள்வதையும் அருகிலேயே காணலாம். ஜூன் மாதத்துப் பொசன் போயாவை ஒட்டி அநுராதபுரப் பக்கம் போகாதீர்கள். பக்தர்களுக்கான நாட்கள் அவை.

இரண்டைச் சேர்க்க முடியுமா

ஒரே ஒரு சேர்க்கையை மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்வோம். திருகோணமலை போகும் வழியில் ஹபரணையில் முதல் இரவைக் கழித்து, மறுநாள் அதிகாலை சிகிரியாவில் ஏறி, மதியத்துக்குள் கிழக்குக் கரையை அடைவது நேரத்தையும் வீணாக்காது, உடலையும் வருத்தாது. யாழ்ப்பாணத்தோடு திருகோணமலை, நுவரெலியாவோடு கதிர்காமம் போன்றவை வரைபடத்தில் அருகருகே தெரிந்தாலும் மூன்று இரவுகளுக்குள் அடங்காதவை. அதற்கு ஒரு வாரம் வேண்டும்.

இதன்படி பார்த்தால் ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலையும், நேர்த்தி இருந்தால் நல்லூரும், டிசெம்பரில் தென்கரை, தைப்பொங்கலிலிருந்து மார்ச் வரை யாழ்ப்பாணமும் மலையகமும் சமமான தெரிவுகள், அவற்றுள் உறவினரைப் பார்க்க விரும்புவோருக்கு முன்னது, குளிரை நாடுவோருக்குப் பின்னது. ஏப்ரலில் எல்லோரும் மேலே ஏறும்போது நீங்கள் பாசிக்குடாவுக்குப் போகலாம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால், முற்பணம் திருப்பித் தரும் விடுதியாகப் பார்த்துக் காலியில் இரண்டு இரவுகளுக்கு மட்டும் பதிவுசெய்து, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் புறப்படும் முதல்நாள் மாலையில் பார்த்து முடிவெடுங்கள்.